ஃபில்டரின் சுத்தமான பக்கம்

நாமக்கல்லில் டீசல் பம்ப் பட்டறை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது, அவருக்குப் பிறகு என் பொறுப்பு. லாரி, டிராக்டர், போர்வெல் வண்டி, முட்டை ஏற்றும் பிக்கப் எதுவானாலும் எங்களிடம் முழு வண்டியாக வருவது குறைவு. பம்பையும் இன்ஜெக்டரையும் மட்டும் கழற்றிப் பையில் போட்டு எடுத்து வருவார்கள். அவற்றைச் சோதனை மேடையில் மாட்டி ஓட்டி, எது சரியாகப் பூவாய்த் தெளிக்கிறது, எது சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்பது எங்கள் வேலை. நாசிலுக்குள் இருக்கும் ஊசியை வெளியே இழுத்து விளக்கில் காட்டினாலே பாதி கதை தெரிந்துவிடும். பழுப்புப் புள்ளி இருந்தால் டீசலோடு தண்ணீர் போயிருக்கிறது. நீளவாக்கில் கீறல் இருந்தால் தூசி போயிருக்கிறது.

கீறல் விழுந்த ஊசியைக் காட்டும்போது வண்டிக்காரர்கள் பலர் ஒரே மாதிரி திகைக்கிறார்கள். "இப்பத்தானுங்கக்கா ஃபில்டர் மாத்துனேன்!" அவர்கள் சொல்வது உண்மைதான். மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தூசி உள்ளே போனதே மாற்றும்போதுதான். பழைய ஃபில்டர் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் கிடந்திருந்தால்கூட அவ்வளவு கெடுதல் செய்திருக்காது. கழற்றிய இடத்தைத் துடைக்காமல், கையைக் கழுவாமல், காற்றடிக்கும் ரோட்டோரத்தில் புது ஃபில்டரைப் பிரித்துவைத்து மாட்டியதுதான் செலவை இழுத்துவிட்டது. வீட்டில் மாற்றாதீர்கள் என்று யாரையும் நான் தடுப்பதில்லை. சொந்த வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, எந்தப் பக்கம் அழுக்குப் படக் கூடாது என்று தெரிந்துகொண்டு செய்யட்டும் என்பதுதான் என் ஆசை.

ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இன்ஜெக்டரில் ஊசிக்கும் அது ஏறி இறங்கும் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்தான். கண்ணுக்கே தெரியாத மண்துகள் அங்கே போய்ச் சிக்கினால் அரம் போல அராவிவிடும். அதைத் தடுக்கத்தான் மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த ஃபில்டர். பெரும்பாலான ஃபில்டர்களில் டீசல் வெளிச்சுற்றில் இறங்கி, காகிதத்தின் வழியே உள்ளே புகுந்து, நடுத்துளை வழியாக மேலே ஏறிப் பம்புக்குப் போகிறது. வெளிச்சுற்று அழுக்குப் பக்கம்; நடுத்துளை சுத்தமான பக்கம். நடுத்துளையில் விழுகிற எதையும் அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. இந்த ஒரு படம் மனத்தில் இருந்தால், நான் இனிமேல் சொல்லப்போவதில் பாதியை நீங்களே யோசித்துவிடலாம்.

ஃபில்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு, தண்ணீரைப் பிரிப்பது. பாதி டேங்க் காலியாக வண்டி இரவு முழுக்க நின்றால், உள்ளே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்து தகரத்தில் வேர்க்கும். டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் கேனில் டீசல் வாங்கிக் கொட்டகையில் வைக்கிறார்கள். மூடி சரியாக இருக்காது, மழைத் தூறல் விழும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். அதிக நாள் தங்கினால் தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாக வழுவழுவென்று ஒரு பாசி படியும். ஃபில்டரை அடைக்க அதுவே போதும். மேட்டில் லோடோடு ஏறும்போது வண்டி திணறுகிறது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நடுவழியில் இழுவை செத்துப் போகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரைத்தான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பாருங்கள். பல டீசல் வண்டிகளுக்கு அது 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் இருக்கும். புழுதியிலும் செங்கல் சூளையிலும் ஓடுகிற வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதிவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. காற்று வேகத்தில் காகிதம் நுண்ணியதாகக் கிழியும். கிழிந்தது வெளியே தெரியாது, வண்டியும் நன்றாகவே இழுக்கும். அடைப்பு போய்விட்டது, கூடவே காவலும் போய்விட்டது.

வீட்டில் தொடலாமா என்பது வண்டியைப் பொறுத்தது. டீசல் பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. 1951-ல் அதன் கூட்டோடு பெங்களூரில் மைகோ நிறுவனம் வந்தது. அப்பா தொழில் கற்றது அந்தக் காலத்துப் பம்புகளில்தான். லாரிகளில் இரட்டைக் கிண்ணமாக ஃபில்டர் தொங்கும். முதல் கிண்ணத்தில் பெரிய அழுக்கைப் பிடிக்கத் துணி, இரண்டாவதில் காகிதம். பழைய டிராக்டர், 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டி எல்லாம் இந்த மெக்கானிக்கல் பம்ப் வகை. அவற்றில் நாசில் திறக்க 200 பார் அளவில் அழுத்தம் போதும். 2002-ல் வந்த ஹூண்டாய் ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. போன்ற கார்கள், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் கொடுக்கும் காமன் ரெயில் முறையை நம் சாலைகளுக்குக் கொண்டுவந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகை மாசுக்கான பி.எஸ்.6 விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபிறகு விற்கிற டீசல் கார், பிக்கப், லாரி எல்லாம் அநேகமாக அந்த முறைதான். அங்கே அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகிறது. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

நல்ல சேதி என்னவென்றால், காமன் ரெயில் வண்டியிலும் ஃபில்டர் இருப்பது குறைந்த அழுத்தப் பக்கத்தில். டேங்கிலிருந்து வரும் டீசல் ஃபில்டரைத் தாண்டிய பிறகுதான் பெரிய பம்புக்குள் போய் அழுத்தம் ஏறுகிறது. அதனால் ஃபில்டரையும் அதோடு சேரும் ரப்பர் குழாய்களையும் மட்டும் தொட்டு வேலையை முடிக்கலாம். அதற்கு அப்பால் இருக்கிற எஃகுக் குழாய்களில் ஸ்பேனரே வைக்கக் கூடாது. பழைய வண்டியில் காற்று எடுக்க நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில் எஞ்சினுக்குக் கொண்டுபோனால் ஆளுக்கே ஆபத்து.

நேரமும் இடமும் முக்கியம். வண்டியை மூடிய ஷெட்டுக்குள் வைத்துச் செய்ய வேண்டாம். வெளியே, சமதளத்தில், காற்று புழங்கினாலும் புழுதி பறக்காத இடத்தில், பகல் வெளிச்சத்தில். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டீசல் சட்டென்று பற்றாது என்று அலட்சியம் பலருக்கு. தீப்பொறியே இல்லாமல் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 210 டிகிரி வெப்பம் போதும். லோடு இழுத்துவிட்டு வந்த வண்டியின் டர்போவும் சைலன்சர் குழாயும் அதைவிடச் சூடாக இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள். ஃபில்டர் சேசிஸுக்கு அடியில் இருக்கிற வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்துத்தான். பக்கத்தில் ஒரு ஏபிசி பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். எரிகிற எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி வேலை. முதலில் கழற்றுவது கிடையாது, கழுவுவதுதான். ஃபில்டரின் தலைப்பகுதி, குழாய் இணைப்புகள், சுற்றியுள்ள இடம் எல்லாவற்றையும் பிரஷால் தேய்த்து, நூல் உதிராத துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். கால் மணி நேரம் இதற்கே போகட்டும். பட்டறையில் வேலைக்குச் சேருகிற பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான், அவர்களுக்கு மிகவும் பொறுமை போவதும் இதில்தான். இறுகிப்போன மண் ஃபில்டரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். கழற்றியவுடன் அது நேராகத் திறந்த வாய்க்குள் விழும். கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி.

கீழே ஒரு தட்டு வையுங்கள். ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் ஃபில்டருக்கு நேர் கீழே இருந்தால் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பெல்ட்டில் டீசல் பட்டால் வழுக்கும், ரப்பர் கெடும். தண்ணீர் சென்சார் இருந்தால் அதன் வயர் பிளக்கை முதலில் மெதுவாக எடுத்துவிட்டு, அடியில் இருக்கிற வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில் டீசலைப் பிடியுங்கள். அந்த ஜாடியைக் கொட்டிவிடாமல் ஓர் ஓரமாக வையுங்கள், அதைப் பிறகு பார்க்க வேண்டும். குழாய்களைக் கழற்றுகிற வகையானால் எது வரும் குழாய், எது போகும் குழாய் என்று கழற்றும் முன்னே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த குழாய் வாயைச் சுத்தமான மூடியாலோ புது பாலித்தீன் துண்டாலோ உடனே மூடுங்கள். வேஸ்ட் துணியைத் திணிக்கிறவர்கள் உண்டு. ஒரு நூல் பிரிந்தால் அது நேராக இன்ஜெக்டருக்குத்தான் போகும்.

பழைய ஃபில்டர் கையோடு வந்துவிட்டால், அதன் ஓ-ரிங்கும் வந்துவிட்டதா என்று பாருங்கள். சில சமயம் அது தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புதியதை மேலே மாட்டினால் இரண்டு ரிங் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து ஒழுகும். போல்ட்டோடு செம்பு வாஷர் வரும் வகையானால் வாஷரும் புதிதுதான். பழைய ஃபில்டரின் அடியிலிருந்த சென்சாரைப் புதியதற்கு மாற்றும்போது கையால் இறுக்கினால் போதும், அது பிளாஸ்டிக்.

புது ஃபில்டரின் பெட்டியை மாட்டுகிற நிமிடம் வரை பிரிக்காதீர்கள். ரப்பர் ரிங்கில் சுத்தமான டீசலை விரலால் லேசாகத் தடவுங்கள். சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிற வழக்கம் பழைய வண்டிகளிலிருந்து வந்தது. நடுத்துளை வழியாக ஊற்றுகிற டீசல் வடிகட்டப்படாமல் சுத்தமான பக்கத்தில் நிற்கிறது; முதல் சுற்றிலேயே அது இன்ஜெக்டருக்குப் போய்விடும். காமன் ரெயில் வண்டிக்கு இதைச் செய்யவே கூடாது. காலியாகவே மாட்டுங்கள். திருகு வகையானால் ரிங் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் திருப்பினால் பெரும்பாலும் போதும். ஃபில்டரின் மேலேயே எவ்வளவு என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கணக்கு. செயின் ரெஞ்சு போட்டு முறுக்கினால் ரிங் நசுங்கும்.

அடுத்தது காற்று எடுப்பது. வீட்டில் ஃபில்டர் மாற்றியவர்கள் தவித்துப்போய் எங்களுக்குப் போன் செய்வது இந்த இடத்தில்தான். காலி ஃபில்டரில் இருக்கிற காற்று வெளியேறி டீசல் நிரம்ப வேண்டும். தலையில் கைப்பம்ப் இருக்கிற வண்டியில் அதை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் தொளதொளவென்று போகும், பிறகு கெட்டியாகும். அமுக்கவே முடியாத அளவு கெட்டியானால் நிரம்பிவிட்டது. காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதை அரைச் சுற்றுத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை பம்ப் செய்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்க வேண்டும். கைப்பம்ப் இல்லாத சில வண்டிகளில் டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கும். பேட்டரி கேபிளை மாட்டி, சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு ஆஃப் செய்து, இப்படிச் சில தடவை செய்தால் அதுவே நிரப்பிவிடும். சில புது வண்டிகளுக்கு ஸ்கேனர் கருவி வைத்துத்தான் காற்று எடுக்க முடியும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். அப்படியென்றால் அந்த வேலையை நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

காற்றை எடுக்காமலேயே செல்ஃபை விடாமல் அடித்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதுதான் நான் பார்த்த சேதங்களில் பெரியது. காமன் ரெயிலின் உயர் அழுத்தப் பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது, டீசலே அதற்கு வழவழப்பு. பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை எடுக்கிறபோது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவதால் தனியே ஒரு மருந்து சேர்த்துத்தான் அதை ஈடுகட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பம்ப் வெறும் காற்றில் சுற்றினால் இரும்பும் இரும்பும் உரசிப் பொடி உதிரும். அந்தப் பொடி ரெயிலுக்கும் நான்கு இன்ஜெக்டருக்கும் போய், திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கும் வந்துசேரும். ஃபில்டர் வாங்கிய காசு எங்கே, இந்தச் செலவு எங்கே! எனவே முழுதாகக் காற்று எடுத்த பிறகே செல்ஃப். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம்; நடுவே அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால், வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே என்று குழம்புவார்கள். பல வண்டிகளில் ஃபில்டரிலிருந்து டீசலைப் பம்ப் உறிஞ்சி இழுக்கிறது. ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். திரும்பக் கழற்றி ரிங்கைப் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது ஒழுகல் பார்க்கக் கையை விட்டுத் தடவாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உயர் அழுத்தக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். விரலையே எடுக்க நேரலாம். ஓர் அட்டையை நீட்டிப் பிடித்தால் ஈரம் படுவது தெரியும், அது போதும். யாருக்காவது அப்படிப் பாய்ந்துவிட்டதென்று சந்தேகம் வந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்கார வேண்டாம். உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் பாய்ந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெட்ரோல் வண்டிக்கு நான் இவ்வளவு சுதந்திரம் தரமாட்டேன். பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடப் பற்றும். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து, திண்ணையில் ஏற்றி வைத்த விளக்கு வரை, மோட்டார் சுவிட்சு வரை, அடுப்படி வரை போய்ச் சேரும். இப்போது வருகிற பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. டேங்கைத் திறக்கிற வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம். வெளியே ஃபில்டர் இருக்கும் இன்ஜெக்ஷன் வண்டியிலும் குழாயில் மூன்று பார் அளவில் அழுத்தம் நிற்கும். அதைத் தணிக்காமல் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பழைய கார்பரேட்டர் வண்டியில் குழாய் நடுவே கண்ணாடி போலத் தெரியும் சின்னப் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றைத்தான், வெட்டவெளியில், பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, மாற்றலாம் என்பேன். அதன்மேல் இருக்கிற அம்புக்குறி கார்பரேட்டரைப் பார்க்க வேண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்குகளில் கிடைக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய் அதில் வெடிப்பு விடக்கூடும் என்பதால் குழாயையும் வளைத்துப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சி பெட்ரோல் எடுப்பதை இன்னும் பட்டறைக்குப் பட்டறை பார்க்கிறேன். சின்னப் பையன்களை விட்டுச் செய்யச் சொல்கிறார்கள், மனசு பதறுகிறது. ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கையால் அமுக்குகிற சைஃபன் பம்ப் கடையில் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். வடித்த டீசலையோ பெட்ரோலையோ தண்ணீர் பாட்டிலிலும் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிலும் வைக்காதீர்கள், தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் போகிறது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

பழைய ஃபில்டரை ஒரு நாள் கவிழ்த்து வைத்து முழுதாக வடியவிட்டு, கழிவு ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுத்துவிடலாம். சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டினால் அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். புது ஃபில்டரின் மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள்.

ஓரமாக வைத்த கண்ணாடி ஜாடியை இப்போது எடுத்துப் பாருங்கள். தெளிந்த டீசல் மேலே நிற்கும். அடியில் தனியாக ஒரு கோடு பிரிந்து தெரிந்தால் அது தண்ணீர். கறுப்பாக மிதந்தால் பாசி. கொஞ்சம் தண்ணீர் சகஜம், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வடிகால் திருகைத் திறந்து வடித்தால் சமாளிக்கலாம். விரற்கடை அளவு தண்ணீரோ பாசியோ இருந்தால் கோளாறு டேங்கிலோ நீங்கள் டீசல் வைக்கிற கேனிலோ இருக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவாமல் ஓட்டினால், இன்றைக்கு மாட்டிய ஃபில்டரையே அடுத்த மாதம் திரும்பவும் கழற்ற வேண்டி வரும்.